போனிக்கு மட்டும் ஆகிற கை

என் மகளுக்கு வலது கையில் ஆறு விரல்கள். சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொரு விரல். நகம், எலும்பு, மடங்கும் கணு எல்லாம் அதற்கு உண்டு. நீளத்தில் சுண்டுவிரலின் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல். சுண்டுவிரலை மடக்கினால் அதுவும் கூடவே மடங்கும். தனியாக மடக்க வராது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் அந்த விரலைப் பற்றி எங்கள் உறவில் பேசாதவர்கள் குறைவு. அதை ஒழுங்காகப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி அதிர்ஷ்டம் என்றது. இன்னொரு கட்சி, "பொம்பளப் பிள்ளையாப் போச்சே" என்று இழுத்தது. இரண்டு கட்சியிலும் உறுப்பினர்களாக இருந்தவர்களும் உண்டு. என் முகத்துக்கு நேரே அதிர்ஷ்டம் என்பார்கள், படியிறங்கித் தெருவில் நின்று மற்றதைச் சொல்வார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது என்பதை அவர்களில் ஒருவரும் கவனித்ததில்லை.

நான் வீட்டில் அந்த விரலுக்குத் தனிப் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போது மற்ற நகங்களோடு அதையும் வெட்டுவேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பேன். சில வாரம் கட்டைவிரல் என்பாள், சில வாரம் கடைசி விரல் என்பாள். ஐந்து வயது வரை அவளுக்கு அது கடைசி விரல், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் அதைக் கெடுத்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கைவிரல்களை வைத்து எண்ணச் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் பத்தில் நிறுத்த, இவள் பதினொன்று சொல்லியிருக்கிறாள். தப்பில்லாமல்தான் எண்ணியிருக்கிறாள். ஆசிரியைக்குப் பத்து வேண்டியிருந்தது. "நீ ஒங்கைய வச்சு எண்ணாத. பக்கத்துப் பிள்ள கைய வாங்கி எண்ணு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் மகள் அந்த வருஷம் முழுவதும் இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் படித்தாள். வகுப்பில் அவளுக்குப் 'பதினொண்ணு' என்ற பெயரும் நிலைத்தது. நான் போய்க் கேட்டபோது ஆசிரியை, "பாடம் குழம்பிரக் கூடாதுல்லம்மா" என்றார். பாடத்தின் மேல் அவருக்கு இருந்த கரிசனத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தாய்மார்களுக்கான கூட்டம் நடந்தது. கதர்ச் சேலை கட்டிய ஒரு பேச்சாளர் வெளியூரிலிருந்து வந்து, பிள்ளைகள் பலவிதமான பூக்கள் என்று வெகு நேரம் பேசினார். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி என்று நிலக்கோட்டைப் பூச்சந்தையே மேடைக்கு வந்துவிட்டது. கூட்டம் முடிந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். என் மகள் முறை வந்ததும் அவருடைய வலது கை தானாகப் பின்னால் போனது. இடது கை முன்னால் வந்து அவள் கன்னத்தைத் தட்டியது. என் மகள் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பிறகு அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினாள்.

என் கணவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சின்னாளப்பட்டிச் சேலைகள்தான் அவருடைய முக்கிய வியாபாரம். கைராசியில் அவருக்கு இருந்த நம்பிக்கை கணக்கில்கூட இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் கடைக் கணக்குப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். என் மகளைக் கூட்டிக்கொண்டு போவார். கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சூடம் காட்டியதும் முதல் வாடிக்கையாளர் எடுத்த துணியை அவள்தான் அந்த ஆறு விரல் கையால் கொடுக்க வேண்டும். அவர்கள் தரும் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட வேண்டும். அதுதான் போனி. பிறகு அவளுக்கு ஒரு பொட்டலம் பூந்தி கிடைக்கும், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம்.

"மகாலட்சுமி கைல அஞ்சு வெரலு பத்தாதுன்னுதான் ஆறாக் குடுத்திருக்கா" என்பார் மூத்தார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். எதிர்ச் சாரியில் தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருநாள் என்னைப் பார்த்து, "எங்க மார்க்கத்துல ராசி கீசியெல்லாம் ஒத்துக்கிறதில்ல தங்கச்சி" என்றார். அப்பாடா, ஒருவராவது இருக்கிறாரே என்று நினைப்பதற்குள், "இருந்தாலும் பிள்ள இந்தப் பக்கம் வாரப்ப நம்ம மண்டி வாசல ஒட்டியே நடந்து போகச் சொல்லுங்க" என்று முடித்தார்.

கையைத் தூக்கிக் காட்டினால் பிள்ளை பெருமைப்படுவாள் என்று என் கணவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடையில் அவள் கையை எடுத்துக்கொண்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் கையைத் தள்ளியவர்களும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஒரு டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். வலி இல்லை, தொந்தரவு இல்லை, வைத்திருந்தாலும் சரி, எடுக்க வேண்டுமென்றாலும் எடுத்துவிடலாம் என்று சுருக்கமாகச் சொன்னார். அன்று சாயங்காலம் மூத்தார் வீட்டில் கட்சிகள் மறுபடி உயிர் பெற்றன. மூத்தார், "லட்சுமிய வெட்டுவீங்களா? கடையே படுத்துரும்" என்றார். என் ஓரகத்தி, அதாவது அவருடைய மனைவி, "வெட்டிரணும். நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன் கையத்தான பாப்பான்?" என்றார். ஒரே வீட்டுக்குள், ஒரே விளக்கடியில், ஒரே விரலைப் பற்றி இந்த இரண்டும் பேசப்பட்டன. என் கணவர் இருவருக்கும் தலையாட்டினார்.

அன்று வீடு திரும்பியதும் என் மகள் கேட்டாள், "ஏம்மா, இத எடுத்துரலாமா?"

"ஒனக்கு வேணாமா?"

"எனக்குத் தெரியல. எடுத்துட்டா யாரும் பாக்க மாட்டாகல்ல?"

விரல் அவளுக்குப் பாரமாக இல்லை. ஊர்க்கண்தான் பாரமாக இருந்தது. அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளை கத்திக்குக் கையை நீட்டத் தயாராகிவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லை, நீ யோசித்துச் சொல், வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றேன். யோசிக்கிறேன் என்றாள். மூன்று வருஷம் கழித்துச் சொல்லியிருந்தாலும் நான் காத்திருப்பேன். ஆனால் அதற்குள் அந்தக் கை பாவாடைக்குள்ளேயே வளர்ந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது.

அந்தத் தை மாதம் மூத்தாருடைய ஒரே மகளுக்கு வத்தலக்குண்டில் மாப்பிள்ளை அமைந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். இரண்டு நாள் முன்னால் ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணிச் சுருள்.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி. நிச்சயத்தன்னைக்குப் பிள்ள கைல இதச் சுத்தி விட்டுரு. யாராச்சும் கேட்டா அடுப்புல சுட்டுக்கிட்டான்னு சொல்லு. இல்லாட்டி பின்கட்டுல சமையக்காரம்மா கூட இருக்கட்டும். வம்சத்துல ஊனம் இருக்குன்னு அவுக நெனச்சுட்டா என் மக கதி என்ன?"

"வெள்ளிக்கெழமதான நிச்சயம்? காலைல கடைக்கு வரணுமே" என்றேன்.

"அது கடை. இது வீடு" என்றார் ஓரகத்தி. அவருக்கு அதில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. துணிச் சுருளை என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி போன பிறகு அதைப் பிரித்துக் கையில் சுற்றிப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. பிடுங்கி எறிந்தால் அதற்கு மதிப்புக் கூடிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் கணக்குப்பிள்ளை வழக்கம்போல் வந்தார். அவ்வளவு நல்ல நாளில் ராசியான போனியை விட மூத்தாருக்கு மனசில்லை. எனக்குக் கடைவீதியில் பூ வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். தண்ணீர் தெளித்தாயிற்று, சூடம் காட்டியாயிற்று. மூத்தார் என் மகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்து, "வா தாயி, வா" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஏறி வந்தது மாப்பிள்ளையின் அம்மா. கூட அவருடைய தங்கை. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்களாம். நிச்சயச் சேலை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். சம்பந்தி கடையிலேயே எடுத்தால் சம்பந்தி காசு வாங்கவா போகிறார் என்ற யோசனையோடு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் நேராகப் பட்டுச் சேலை அடுக்குக்குப் போனதிலேயே தெரிந்தது.

மூத்தார் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. போனி ஆகாமல் முதல் ஆளை அனுப்பக் கூடாது. அனுப்பினால் அன்றைய வியாபாரம் போச்சு. சும்மா கொடுக்கவும் கூடாது, அது அதைவிட மோசம். காசு வாங்கியாக வேண்டும். யார் கையால் வாங்குவது? ராசியான கை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கையைத்தான் இவர்கள் பார்க்கக் கூடாது. பிள்ளையை உள்ளே போகச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்காக அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டார். கல்லாதான் ஜெயித்தது.

"குடு தாயி" என்றார்.

என் மகள் சேலையை எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா வாங்கும்போது கையைப் பார்த்துவிட்டார். "யாரு பிள்ள இது?" என்றார்.

"நம்ம கணக்குப்பிள்ள வீட்டுப் பிள்ள" என்றார் மூத்தார். "காலைல செத்த நேரம் ஒத்தாசைக்கு வரும்."

கணக்குப்பிள்ளை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் பாவம் தகப்பனாகிவிட்டார். நான் பூக்கூடையோடு ஓரமாக நின்றதால் என்னை அவர்கள் யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்திருக்க வேண்டும். நான் வாய் திறந்திருக்கலாம். என் மகள் என்னைப் பார்க்காமல் மூத்தாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் பார்த்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பணம் அவள் கைக்கு வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. கல்லாவில் போட்டாள். இறங்கினாள். பூந்திப் பொட்டலத்தை எடுக்காமல் என்னோடு நடந்தாள்.

தெருவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா, பெரியப்பாவுக்கு என் வெரலப் பிடிக்குமா, பிடிக்காதா?"

"அவருக்கு அவரு கடையப் பிடிக்கும்."

தோல் மண்டியைத் தாண்டும்போது ராவுத்தர் வாசலில் நின்று புன்னகைத்தார். என் மகள் வேண்டுமென்றே தெருவின் மறு ஓரத்துக்குப் போய் நடந்தாள். அன்று காலையில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மாலையில் பாவாடை கட்டிவிடும்போது வெள்ளைத் துணிச் சுருளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "சுத்திக்கிறியா?"

"வேணாம். சுட்டுருச்சுன்னு சொன்னா மருந்து போட வருவாக."

"பின்கட்டுல இருக்கியா, முன்னால உக்காருறியா?"

"முன்னால. ஜாங்கிரி முன்னாலதான் மொதல்ல வரும்."

இப்படித்தான் அவள் முடிவெடுத்தாள். இதில் பெரிய வீரம் எதுவும் இல்லை. பிள்ளைகள் தம்மை மதித்துக்கொள்ளக் கற்றுக்கொள்வது மேடைப் பேச்சில் வருகிற மாதிரி நடப்பதில்லை. ஜாங்கிரி எங்கே முதலில் வரும் என்று பார்த்து நடக்கிறது.

நிச்சயதார்த்த வீட்டில் ஜமக்காளத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தோம். ஓரகத்தி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணாலேயே திட்டினார். தாம்பூலத் தட்டு மாற்றும் நேரம், மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"காலைல கடைல சேல குடுத்த பிள்ளதான இது? கணக்குப்பிள்ள வீட்டுப் பிள்ள. இங்கயும் ஒத்தாசைக்கு வந்திருக்கா?"

எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அவள் யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிர்ஷ்டக் கட்சியும் திறக்கவில்லை, இரக்கக் கட்சியும் திறக்கவில்லை.

"யாரு வீட்டுப் பிள்ளம்மா நீ?" என்று அவர் மறுபடி கேட்டார்.

"பெரியப்பாட்டதான் கேக்கணும்" என்றாள் என் மகள், மூத்தாரைக் காட்டி. "காலைல அவருதான ஒரு வீடு சொன்னாரு."

காட்டிய விரல் ஆள்காட்டி விரல்தான். ஆனால் கை முழுவதும் விரிந்திருந்தது. ஆறு விரலும் எல்லோருக்கும் தெரிந்தன.

மூத்தார் சிரிக்கப் பார்த்தார். "அது வந்து... என் தம்பி மகதான். காலைல ஏதோ வாய் தவறி..." என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது அசையுமா?"

"சுண்டுவெரலோட அசையும். தனியா அசையாது" என்று சொல்லி மடக்கிக் காட்டினாள்.

"எங்க சின்ன மாமனாருக்குக் கால்ல இப்புடி இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள். "ஆயுசு பூரா செருப்பு வாங்க முடியாம வெறுங்காலோட நடந்தாரு. இதுக்குப் போயா கணக்குப்பிள்ளைக்குப் பிள்ளையத் தூக்கிக் குடுத்தீக?" கூட்டம் சிரித்தது. இதுவரை வாய் திறக்காத அதே கூட்டம்தான்.

நிச்சயம் நடந்தது. அந்த அம்மாள் பரந்த மனசுக்காரர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரே மகள், கடைவீதியில் ஓடுகிற கடை. அவர் பார்த்தது இந்த இரண்டையும்தான். பெண்ணுக்கே கையில் எட்டு விரல் இருந்திருந்தாலும் தாம்பூலம் மாறியிருக்கும். துணி சுற்றி மறைக்கப் பார்த்த பயம் எவ்வளவு வீணானது என்று என் ஓரகத்திக்கு அன்றைக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. "நல்ல வேளை, ஆண்டவன் காப்பாத்துனான்" என்றார். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கணக்குப்பிள்ளை வரவில்லை. வெட்கம் இருந்தது அவர் ஒருவருக்குத்தான் போலிருக்கிறது. மூத்தாரே வந்தார். எதுவுமே நடக்காதது போல் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, "தாயி, கிளம்பிட்டியா? நேரமாச்சு" என்றார்.

என் மகள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நான் வரல பெரியப்பா."

"ஏன் தாயி? காச்சலா?"

"இல்ல. சேல வாங்கணும்னா வாரேன். போனி பண்ண வரல."

"அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்கிட்டியா? பெரியப்பா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"சரி" என்றாள். பின்னலைத் தொடர்ந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. மூத்தார் வாசலிலேயே நின்றார். என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வேட்டிக் கரையைப் பார்த்தார். கடைசியில் மூத்தார் போய்விட்டார். அவர் கடை படுக்கவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு வழக்கமான கூட்டம்தான். கொஞ்ச நாளில் அவர் முன்நெற்றியில் சுழி உள்ள ஒரு கன்றுக்குட்டியை வாங்கி வெள்ளிக்கிழமைகளில் கடை வாசலில் கட்ட ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். அதை யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் 'பதினொண்ணு' என்ற பெயர் போகவில்லை. அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்று கேட்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கிறவளைக் கூப்பிடுவதில் பிள்ளைகளுக்குச் சுவாரசியம் குறைந்துவிட்டது. அந்தக் கை பாவாடை மடிப்பிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் டைரி எழுதுகிறவள் நான். அது மட்டும் என் கண்ணில் படாமல் நடந்திருக்கிறது. ஒருநாள் பார்த்தபோது கை வெளியே இருந்தது, அதில் மாவடு.

அடுத்த கோடையில் மதுரை டாக்டர் ஊருக்கு வரும் நாளை என் கணவர் விசாரித்துக்கொண்டு வந்தார். மகளைக் கூப்பிட்டேன். மாவடுவைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"டாக்டர் வாராராம். போய்ப் பாக்கணுமா?"

"எதுக்கு?"

"வெரல எடுத்துரலாமான்னு கேட்டியே."

"அது அப்ப" என்றாள். இன்னொரு மாவடு வேண்டும் என்றாள். கொடுத்தேன். போய்விட்டாள்.

என் கணவர் சங்கடமாக நெளிந்தார். "எதுக்கும் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுரலாமே" என்றார்.

"எந்த வெரலப் பத்தி? அவரு வெரலப் பத்தியா?" என்றேன்.

அவர் தினசரியை எடுத்து விரித்துக்கொண்டார்.